ஆள் மேலே பாயும்போது கண் எங்கே?

2024 பருவத்தில் சிகாகோ பேர்ஸ் அணியின் குவாட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ் கையில் பந்தோடு 68 முறை மண்ணில் சாய்க்கப்பட்டார். 2013-ல் டென்வர் பிராங்கோஸ் அணியின் பெய்டன் மேனிங் சாய்க்கப்பட்டது 18 முறை. வில்லியம்ஸ் அப்போதுதான் கல்லூரியை விட்டு வந்திருந்தார். இருபத்திரண்டு வயது, மின்னல் கால்கள், விரட்டிப் பிடிப்பது எதிரிக்குப் பெரும்பாடு. மேனிங்குக்கு 37 வயது. கழுத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட அறுவை சிகிச்சை ஆனவர். அவர் ஓடினால் பார்ப்பவர்களுக்கே பரிதாபமாக இருக்கும். அந்த ஆண்டு மேனிங் 659 முறை பந்தை வீசினார், வில்லியம்ஸைவிட அதிகம். ஆக, ஓடத் தெரியாதவர் தப்பிக்கொண்டே இருந்தார், ஓடத் தெரிந்தவர் மாட்டிக்கொண்டே இருந்தார்.

அமெரிக்கக் கால்பந்தில் ஆள் தேர்வு செய்பவர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் முரண் இது. ஒவ்வோர் ஏப்ரலிலும் தேசியக் கால்பந்து லீகின் 32 அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துப் பொறுக்கி எடுக்கின்றன. முதல் சுற்றில் எடுக்கும் குவாட்டர்பேக்கைப் பொறுத்துத்தான் ஓர் அணியின் அடுத்த நான்கைந்து வருடத் தலையெழுத்து. அவருடைய உயரம், எடை, உள்ளங்கை அகலம் வரை அளந்துவிடலாம். எறியும் வேகத்தை ரேடாரில் பார்த்துவிடலாம். நான்கு பேர் மேலே விழ வரும்போது அவர் என்ன செய்வார் என்பதற்கு மட்டும் சரியான அளவுகோல் இன்னும் அகப்படவில்லை.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 கெஜம் முன்னேறினால் மறுபடி நான்கு. குனிந்து நிற்கும் சென்டர் தன் கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் தள்ளுவது ஸ்னாப். அதை வாங்குபவர் குவாட்டர்பேக். பாஸ் ஆட்டம் என்றால், ஓடிக்கொண்டிருக்கும் ரிசீவர்களில் ஒருவருக்கு அவர் பந்தை வீச வேண்டும். அவருக்கு முன்னால் ஐந்து பேர் காவல் வரிசை, ஆளுக்கு ஏறக்குறைய 140 கிலோ. இவர்கள் பின்வாங்கியபடியே லாட வடிவில் ஓர் அரண் கட்டுவார்கள். அதைப் பாக்கெட் என்பார்கள். எதிரணியிலிருந்து வழக்கமாக நான்கு பேர் அதை உடைக்கப் பாய்வார்கள். ஐந்து பேரோ அதற்கு மேலோ பாய்ந்தால் பிளிட்ஸ். வீசுவதற்கு முன்பே குவாட்டர்பேக்கை மடக்கிச் சாய்த்துவிட்டால் சாக். ஆறேழு கெஜம் நஷ்டம், கூடவே ஒரு வாய்ப்பும் போச்சு.

தொழில்முறை ஆட்டத்தில் ஸ்னாப்பிலிருந்து வீச்சு வரை சராசரியாக 2.7 விநாடி ஆகிறது. கல்லூரியிலும் பெரிய வித்தியாசம் இல்லை. இதற்குள் பந்தை வாங்கி, பின்னால் நகர்ந்து, எதிரணியின் பின்வரிசை எப்படி விரிகிறது என்று பார்த்து, இரண்டு மூன்று ரிசீவர்களை ஒருவர் பின் ஒருவராகச் சோதித்து, காலை ஊன்றி எறிய வேண்டும். கண்ணுக்குத் தெரிந்த ஒரு மாற்றத்துக்கு உடல் அசையவே கால் விநாடி போய்விடும். தேர்ந்தெடுக்க வேண்டிய வழிகள் கூடக் கூட முடிவெடுக்கும் நேரமும் கூடும் என்று 1952-லேயே உளவியலாளர் ஹிக் காட்டியிருக்கிறார். 2.7 விநாடி என்பது நினைப்பதைவிடச் சின்னது.

நெருக்கடி என்று எதைச் சொல்வது? சாக் ஆனால் நெருக்கடி. எறிந்த மறுகணம் இடித்துத் தள்ளப்பட்டாலும் நெருக்கடி. யாரும் தொடாமலே அவசரமாக எறிய நேர்ந்தாலும், இடம்பெயர நேர்ந்தாலும் அதுவும் அந்தக் கணக்கில்தான் சேரும். புரோ ஃபுட்பால் ஃபோக்கஸ் என்ற நிறுவனம் 2014 முதல் மேல்மட்டக் கல்லூரி ஆட்டங்களை ஒவ்வொன்றாகப் படத்தில் பார்த்து இப்படிக் குறித்துவருகிறது. பிளிட்ஸும் நெருக்கடியும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. ஆறு பேர் பாய்ந்தும் குவாட்டர்பேக் அசையாமல் நிற்கும் ஆட்டங்கள் உண்டு. மூன்றே பேர் வந்து மூச்சு முட்டவைப்பதும் உண்டு. பிளிட்ஸ் எதிரணி எடுக்கும் முடிவு. நெருக்கடி அதன் விளைவு, அதுவும் எல்லா நேரமும் அல்ல.

அடுத்த கேள்விதான் சிக்கலானது: அந்த நெருக்கடியை உண்டாக்கியது யார்?

குவாட்டர்பேக் அடிபட்டால் காவல் வரிசையைத் திட்டுவதுதான் ரசிகர் வழக்கம். பாதி நேரம் அது நியாயமும்கூட. ஆனால் அரண் இரண்டரை விநாடி நின்றது, குவாட்டர்பேக் நான்காவது விநாடியிலும் பந்தை இறுக்கிப் பிடித்தபடி நின்றார் என்றால் பழி யாருக்கு? 140 கிலோ ஆளாக இருந்தாலும் எத்தனை நேரம்தான் மறித்து நிற்க முடியும்? அதனால் இப்போது நெருக்கடியை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். இரண்டரை விநாடிக்குள் வந்தது காவல் வரிசையின் கணக்கு. அதற்குப் பிறகு வந்ததில் குவாட்டர்பேக்குக்கும் பங்கு உண்டு. மேனிங்கின் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. பாய்ந்து வருபவர் பாதி வழி கடக்குமுன் அவர் கையில் பந்து இருக்காது. வேகமான கால் உள்ளவருக்கோ ‘இன்னும் அரை விநாடி பார்ப்போம், எப்படியும் நழுவிவிடலாம்’ என்ற சபலம். அந்த அரை விநாடிகள் சேர்ந்துதான் பல சாக்குகள் ஆகின்றன.

இந்தப் பங்கைப் பிரித்துக் காட்ட ஒரு விகிதம் புழக்கத்தில் உள்ளது. நூறு முறை நெருக்கடி வந்தால் எத்தனை முறை சாக்கில் முடிகிறது என்பதுதான் அது. பொதுவாக இது பதினைந்துக்கும் இருபதுக்கும் நடுவே இருக்கும். குறைவாக இருந்தால், தீ பிடித்த வீட்டிலும் வாசல் தெரிந்தவர் என்று பொருள்.

2021 பிப்ரவரி 7 அன்று டாம்பாவில் நடந்த லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌல் இதற்கு நல்ல சாட்சி. கன்சாஸ் சிட்டி அணியின் இரண்டு ஓரக் காவலர்களும் காயத்தால் வெளியே. அதன் குவாட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸை டாம்பா பே அணி 29 முறை நெருக்கியது. சூப்பர் பௌல் வரலாற்றில் அன்றுவரை அதுவே உச்சம். ஆனால் சாக் மூன்றே மூன்று. வீரர்களின் தோள்பட்டைக் கவசத்தில் விநாடிக்குப் பத்து முறை இடத்தைச் சொல்லும் சில்லு இருக்கிறது. அதன் கணக்குப்படி, எறிவதற்கோ விழுவதற்கோ முன்னால் மஹோம்ஸ் அன்று ஓடி அலைந்த தூரம் 497 கெஜம். மைதானத்தின் நீளமே 100 கெஜம்தான். ஒரு கட்டத்தில் காற்றில் படுத்த நிலையில், தரையைத் தொடும் முன் பந்தை எறிந்தார். அது ரிசீவரின் முகக் கம்பியில் பட்டுக் கீழே விழுந்தது. ஆட்டம் 31-9 என்று தோல்வி. மஹோம்ஸ் அதில் காட்டியது அசாத்தியமான ஆட்டம் என்றுதான் நான் சொல்வேன். ஸ்கோர் அட்டையை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது.

கல்லூரிக்கு வருவோம். அங்கே முதல் தடை, எண்ணிக்கை போதாமை. ஒரு கல்லூரிப் பருவத்தில் ஒரு குவாட்டர்பேக் 400 முறை எறியப் பின்வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அதில் 30 சதவீதம் நெருக்கடி என்றால் 120 முறை. சாக், தப்பி ஓடியவை எல்லாம் கழித்தால் நெருக்கடியில் எறிந்தவை 80 தேறலாம். அந்த 80-ல் பாதியை ரிசீவர் பிடித்தார் என்றால் வெற்றி 50 சதவீதம். இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்? புள்ளியியலின் சாதாரணச் சூத்திரத்தைப் போட்டால், உண்மையான திறமை 39-க்கும் 61-க்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று வருகிறது. 39 என்றால் வேலைக்கு ஆகாது. 61 என்றால் கோடிகளைக் கொட்டலாம். ஒரே தரவு இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. ‘நெருக்கடியில் இவர் நாட்டிலேயே மூன்றாம் இடம்’ என்று தொலைக்காட்சியில் ஒரு பட்டியல் ஓடும்போது இதை நினைத்துக்கொண்டால் போதும், பாதி வியப்பு அடங்கிவிடும்.

ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டுப் பார்த்த தரவு ஆய்வாளர்கள் இதை வேறு வழியில் உறுதி செய்திருக்கிறார்கள். நெருக்கடியில் எறிந்ததன் தரம் ஓராண்டு மேலே போகிறது, மறு ஆண்டு கீழே வருகிறது. அமைதியான பாக்கெட்டில் எறிந்ததன் தரம் அப்படி ஆடுவதில்லை. எனவே அடுத்த ஆண்டு எப்படி ஆடுவார் என்று கணிக்க, அவர் அமைதியாக நின்று எறிந்ததைப் பார்ப்பதே மேல். முதலில் கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும், ஆனால் அதுதான் நடக்கிறது. நெருக்கடிக் கணக்கில் ஓரளவு நிலையாக நிற்பது அந்தச் சாக் விகிதம்தான். அணி மாறினாலும் அந்தக் குணம் பெரும்பாலும் ஆளோடு கூடவே போகிறது. அதுவும் கல்வெட்டு அல்ல. வில்லியம்ஸின் 68, பயிற்சியாளரும் காவல் வரிசையும் மாறிய அடுத்த ஆண்டில் பாதிக்கும் கீழே இறங்கியது.

எண்கள் இவ்வளவுதான் சொல்லும் என்றால், மிச்சத்தைப் படத்தில்தான் தேட வேண்டும். தேர்வாளர்கள் முதலில் பார்ப்பது கையையோ காலையோ அல்ல. ஹெல்மெட் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை.

பயம் வந்தால் கவனம் சுருங்கும். 1959-ல் ஈஸ்டர்புரூக் என்ற உளவியலாளர் இதை எழுதினார்: பதற்றம் ஏற ஏற, மனம் எடுத்துக்கொள்ளும் குறிப்புகள் குறைந்துகொண்டே போகின்றன. 2007-ல் மைக்கேல் ஐசென்கும் உடன் ஆய்வாளர்களும் இன்னொன்றைச் சேர்த்தார்கள். பதறும் மனதில், நாம் பார்க்க நினைப்பதற்கும் நம்மைப் பார்க்கவைப்பதற்கும் இடையே இருக்கும் சமநிலை குலைகிறது. அச்சுறுத்தும் பொருள் கண்ணைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. குவாட்டர்பேக் விஷயத்தில் இது அப்பட்டமாகத் தெரியும். இருபது கெஜத்துக்கு அப்பால் ரிசீவர்களைப் பார்த்திருக்க வேண்டிய கண், மூன்று கெஜத்தில் உறுமிக்கொண்டு வரும் ஆளின் மேல் இறங்கிவிடும். ‘கண்ணைக் கீழே போட்டுவிட்டான்’ என்று பயிற்சியாளர்கள் தலையில் அடித்துக்கொள்வது இதற்குத்தான். கண் இறங்கிய பிறகு ஆட்டம் முடிந்த மாதிரி. அவர் இனி ஓடலாம், விழலாம். நிதானமாக எறிய முடியாது. நம் விழித்திரையின் கூர்மையான மையம் சுமார் இரண்டு பாகை அகலத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும். அதை எதிரிமேல் செலவழித்தால் ரிசீவருக்கு எதுவும் மிஞ்சாது. நல்லவர்கள் பாய்ந்து வருபவரைக் கடைக்கண்ணால் உணர்கிறார்கள். அசைவைக் கண்டுபிடிப்பதில் விழித்திரையின் ஓரம் கெட்டிக்காரத்தனம் வாய்ந்தது. கூர்மையை அவர்கள் தூரத்துக்கு ஒதுக்கி வைக்கிறார்கள்.

2019 அக்டோபரில் நியூ இங்கிலாந்து அணிக்கு எதிரான ஆட்டத்தில் நியூயார்க் ஜெட்ஸின் சாம் டார்னால்ட், சட்டையில் ஒலிவாங்கி இருப்பதை மறந்தோ என்னவோ, தனக்குப் பேய்கள் தெரிவதாக ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். நாடே கேட்டது. ஜெட்ஸ் 33-0 என்று தோற்றது. டார்னால்ட் எறிந்ததில் நான்கு பந்துகளை எதிரணி பறித்தது. பேய் என்பது அந்த உலகில் பழகிய சொல். இல்லாத நெருக்கடியை இருப்பதாக உணர்ந்து, சுத்தமான பாக்கெட்டை விட்டு ஓடுவதைக் குறிக்கும். தொடர்ந்து அடி வாங்கியவருக்கு இது வருகிறது. நாய் கடித்தவன் நிழலுக்கும் துள்ளுவது போலத்தான். கல்லூரிப் படங்களில் தேடவேண்டிய மிக முக்கியமான அறிகுறி இது என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் இது எந்த நெருக்கடிப் பட்டியலிலும் ஏறாது. நெருக்கடியே இல்லாத ஆட்டத்தில் அல்லவா நடக்கிறது! தீராத நோய் என்றும் சொல்ல முடியாது. அதே டார்னால்ட் 2024-ல் மினசோட்டாவுக்கு 14 வெற்றிகள் வாங்கித் தந்தார்.

கண்ணுக்கு அடுத்தது கால். பந்து மணிக்கு 88 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 20 கெஜம் கடக்க முக்கால் விநாடி ஆகும். அதற்குள் ரிசீவர் ஆறு மீட்டர் ஓடியிருப்பார். எனவே ஆள் இருக்கும் இடத்துக்கு எறிவதில் அர்த்தம் இல்லை. வரப்போகும் இடத்துக்கு எறிய வேண்டும். அந்த வேகம் தோளில் பிறப்பதில்லை. முன்காலை ஊன்றி, இடுப்பு திரும்பி, அந்தத் திருகல் முதுகு வழியாகத் தோளுக்கும் முழங்கைக்கும் ஏறி விரல் நுனியில் வெடிக்கிறது. பின்னால் சாய்ந்தபடி எறிபவர் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியையே அறுத்துவிடுகிறார். பந்து மிதந்து போகும். மிதக்கும் பந்தை எதிரணியின் பின்வரிசை ஆசையோடு பறித்துக்கொள்ளும்.

தப்பி ஒளிவதற்கு மைதானம் முழுக்க இடம் இருப்பதாகத் தோன்றும். சிறந்த இடம் பெரும்பாலும் முன்னால் இரண்டு கெஜத்தில்தான் இருக்கிறது. ஓரத்திலிருந்து வருபவர் காவலரைச் சுற்றிக்கொண்டு வில் போல் வளைந்து வருகிறார். குவாட்டர்பேக் ஏழெட்டு கெஜம் பின்னால் நிற்பார் என்று கணக்கிட்டு வளைவைப் போடுகிறார். கடைசிக் கணத்தில் குவாட்டர்பேக் இரண்டு அடி எடுத்து முன்னால் நகர்ந்தால், பாய்ந்து வந்தவர் பின்னால் காற்றைத் தழுவிக்கொண்டு போய்விடுவார். காவலருக்கும் அவரைத் தள்ளிவிடுவது எளிது. பின்னால் ஓடினால் எதிரியின் வளைவு இன்னும் சுலபமாகிறது. காவலர் செய்த நல்ல வேலையும் வீணாகிறது. நடுவிலிருந்து வரும் நெருக்கடியைக் குவாட்டர்பேக்குகள் அதிகம் வெறுப்பதற்குக் காரணம் இதுதான். அது முன்னால் நகரும் அந்த இரண்டு கெஜத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. ஆகவே ஒரு கல்லூரி மாணவர் ஓர நெருக்கடியில் எப்படி ஆடினார், நடு நெருக்கடியில் எப்படி ஆடினார் என்று தனித்தனியே பார்க்காமல் போடும் மதிப்பெண்ணுக்கு மதிப்பு குறைவு.

ஜானி மான்ஸியெல் கதை இங்கே வரவேண்டும். 2012 நவம்பர் 10, டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணி, நாட்டின் முதலிடத்தில் இருந்த அலபாமாவை அதன் ஊரிலேயே சந்தித்தது. முதல் பகுதியில் ஓர் ஆட்டம். மான்ஸியெல் முன்னால் ஓடப் பார்க்கிறார், சொந்த அணிக் காவலர்மேலேயே மோதுகிறார், பந்து கையிலிருந்து எகிறுகிறது, மோதிய வேகத்தில் திரும்பியவர் அதை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் ஓடி, எல்லைக்கோட்டுக்குள் தனியாக நின்ற ரிசீவருக்கு எறிகிறார். டச்டவுன். 29-24 என்று வெற்றி. அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதும் முதலாண்டு ஆட்டக்காரரான அவருக்கே. அதற்குமுன் அப்படி யாரும் வாங்கியதில்லை. பார்க்கப் பரவசமான ஆட்டம், நானும் மறுக்கமாட்டேன். ஆனால் மறுபடி ஓட்டிப் பார்த்தால் தொல்லை தெரியும். திட்டமிட்ட வீச்சு கைகூடுமுன்பே பாக்கெட்டை விட்டு வெளியேறும் பழக்கம் அது. கல்லூரியில் அவரைத் துரத்தியவர்களில் பெரும்பாலோர் தொழில்முறைக்குப் போகாதவர்கள். 2014-ல் கிளீவ்லண்ட் அவரை 22-ஆம் இடத்தில் எடுத்தது, 2016-ல் விடுவித்தது. களத்துக்கு வெளியே அவருக்கு இருந்த தொல்லைகளும் அதில் சேர்த்தி. ஆனாலும் அந்த லீகில் ஓரத்திலிருந்து வருபவர்கள் அவரைவிட மெதுவாக இல்லை என்பதும் உண்மை.

தேர்வுக்கு முன் பல்கலைக்கழகங்கள் தங்கள் வீரர்களை ஆடவைத்துக் காட்டும் நாள் ஒன்று உண்டு. ஜார்ஜ் விட்ஃபீல்ட் என்ற பயிற்சியாளர் நெருக்கடியைக் கொண்டுவர அங்கே ஒரு கருவியைப் பிரபலமாக்கினார்: துடைப்பம். மான்ஸியெல் எறியப் போகும்போதெல்லாம் நீளத் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு துரத்துவார். எதிராளியின் நீட்டிய கையின் உயரத்தை அது காட்டும். பந்தை மேலே தூக்கி எறியப் பழக்கும். அதில் ஒரு பயன் இருக்கிறதுதான். துடைப்பத்தைப் பார்த்து யாருக்கும் விலா எலும்பு வலிக்காது என்பதுதான் குறை.

நெருக்கடியை வெல்வதில் பெரும் பங்கு ஸ்னாப்புக்கு முன்பே நடந்துவிடுகிறது. எதிரணியில் ஆறு பேர் கோட்டில் வந்து மிரட்டுகிறார்கள், காவலர் ஐந்து. ஆறாவது ஆள் யார், அவர் வந்தால் எந்த ரிசீவர் ஓட்டத்தைச் சுருக்கிக்கொண்டு உடனே திரும்ப வேண்டும் என்று குவாட்டர்பேக் கண்டுபிடிக்க வேண்டும். நடுக்காவலில் நிற்கும் ஓர் எதிராளியைக் கைகாட்டி, அவர் எண்ணைச் சத்தமாகச் சொல்வதைத் தொலைக்காட்சியில் பார்க்கலாம்; அந்த ஆளை மையமாக வைத்துத்தான் ஐவரும் யார் யாரை மறிப்பது என்று பங்கிட்டுக்கொள்கிறார்கள். எதிரணியும் சும்மா இருப்பதில்லை. ஆறு பேரைக் காட்டிவிட்டு நான்கு பேரை மட்டும் அனுப்பும். அந்த நால்வரில் ஒருவர் எதிர்பாராத மூலையிலிருந்து வருவார், கோட்டில் நின்ற மாமிசமலை ஒன்று பின்வாங்கிப் பாஸ் போகும் வழியில் நிற்கும்.

இதை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்க நேரம் ஏது? சேஸும் சைமனும் 1973-ல் சதுரங்க வீரர்களை வைத்து நடத்திய சோதனை இங்கே உதவும். உண்மையான ஆட்டத்தின் பலகையைச் சில விநாடி காட்டினால் வல்லவர்கள் ஏறக்குறைய அப்படியே அடுக்கிவிடுவார்கள். காய்களைக் கண்டபடி சிதறவைத்துக் காட்டினால் அவர்களுக்கும் கற்றுக்குட்டிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவர்கள் காய்களைப் பார்ப்பதில்லை, அமைப்புகளைப் பார்க்கிறார்கள். கிரிக்கெட்டிலும் இதேதான். லாண்டும் மக்லியோடும் 2000-ல் பேட்ஸ்மேன்களின் கண்ணசைவைப் பதிவு செய்தபோது, பந்தைக் கடைசிவரை யாரும் தொடர்ந்து பார்க்கவில்லை என்று தெரிந்தது. பந்து கையை விட்டதும் கண் அது குத்தப்போகும் இடத்துக்குத் தாவிப் போய்க் காத்திருந்தது. திறமையானவரின் கண் முன்னதாகவே தாவியது.

கல்லூரிப் படத்தை வைத்து இந்த அறிவை மதிப்பிடுவதில்தான் தேர்வாளர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். பல கல்லூரிகளில் குவாட்டர்பேக் கோட்டில் வந்து நின்றதும் தலையைத் திருப்பி ஓரத்தைப் பார்க்கிறார். எதிரணியின் அமைப்பைப் பார்த்துப் பயிற்சியாளர் அங்கிருந்து சைகை காட்டுகிறார், அட்டை தூக்குகிறார். 2024 முதல் மேல்மட்டக் கல்லூரி ஆட்டத்தில் ஹெல்மெட்டுக்குள் ஒலிபெருக்கியும் வந்துவிட்டது. படத்தில் நாம் பார்க்கும் சரியான முடிவு இருபது வயது மாணவருடையதா, சம்பளம் வாங்கும் ஐம்பது வயதுக்காரருடையதா? படம் சொல்லாது. அதனால்தான் அணிகள் மாணவரை வெள்ளைப் பலகை முன் நிறுத்தி, அவருடைய பழைய ஆட்டத்தையே வரைந்து விளக்கச் சொல்கின்றன.

இன்னொரு குழப்பம் புள்ளிவிவரத்திலேயே ஒளிந்திருக்கிறது. கல்லூரிக் கணக்கில் சாக்கில் இழந்த கெஜம் குவாட்டர்பேக்கின் ஓட்டக் கணக்கில் கழிக்கப்படுகிறது. தொழில்முறையில் அது அணியின் பாஸ் கணக்கில் கழியும். ‘இவர் 200 கெஜம்தான் ஓடினார்’ என்று கல்லூரிப் பட்டியலில் படித்தால், 400 ஓடி 200-ஐச் சாக்கில் இழந்தவராக இருக்கலாம்.

ஜோ பரோ எல்லாக் கணக்குக்கும் இடக்கு பண்ணுகிறவர். 2018-ல் லூசியானா ஸ்டேட் அணிக்காக 16 டச்டவுன் எறிந்தார். 2019-ல் 60. இடையில் வந்தது ஜோ பிரேடி என்ற இளம் பயிற்சியாளரும், ஐந்து ரிசீவர்களை அகல விரிக்கும் புதிய திட்டமும். அந்த ஆண்டு நாட்டின் சிறந்த காவல் வரிசைக்கான ஜோ மூர் விருதும் அந்த அணிக்கே. ‘நல்ல வேலிக்குள் வளர்ந்த செடி’ என்று ஒதுக்கிவிட எல்லாக் காரணமும் இருந்தது. ஆனால் டிசம்பர் 7 அன்று ஜார்ஜியாவுக்கு எதிராக மூன்றாம் கால்பகுதியில் ஓர் ஆட்டம். பாக்கெட் உடைகிறது. பரோ ஒருவர் பிடியிலிருந்து சுழன்று விலகுகிறார், வலப்பக்கம் ஓடுகிறார், இன்னொருவரைத் தப்புகிறார். இவ்வளவும் நடக்கும்போது அவர் ஹெல்மெட் ஒருமுறைகூடத் தரையைப் பார்க்கவில்லை. ஓடிக்கொண்டே நீளமாக எறிகிறார். ஜஸ்டின் ஜெஃபர்சன் பிடிக்கிறார், 71 கெஜம். தேர்வாளர்கள் குறித்துக்கொள்ள வேண்டியது அந்த 71-ஐ அல்ல, ஹெல்மெட்டின் கோணத்தை.

தொழில்முறையில் அவருக்கு வாய்த்தது ஓட்டை வேலி. முதல் வருடமே முழங்கால் தசைநார் கிழிந்தது. 2021-ல் 51 சாக். 2022 ஜனவரியில் டென்னசிக்கு எதிரான நாக் அவுட்டில் ஒன்பது முறை சாய்க்கப்பட்டும் 19-16 என்று ஜெயித்தார். அடுத்த மாதம் சூப்பர் பௌலில் ஏழு முறை, அங்கே தோற்றார். பேய் மட்டும் அவருக்குத் தெரியவில்லை. இதை எந்த விகிதத்தில் அடைப்பது? கடைசி நொடி வரை பந்தை விடாத பிடிவாதமே அவரைச் சாய்க்கவும் செய்தது, 71 கெஜ வீச்சுகளைத் தரவும் செய்தது.

சி.ஜே. ஸ்ட்ரவுடைப் பற்றி நேர்மாறான சந்தேகம் இருந்தது. ஒஹாயோ ஸ்டேட்டில் அவருக்குக் கிடைத்த காவலும் ரிசீவர்களும் அப்படி. நெருக்கடி வந்தால் அசைவாரா என்று இரண்டு பருவமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2022 டிசம்பர் 31 பீச் பௌலில் ஜார்ஜியா அந்தக் கேள்வியை ஆள் அனுப்பிக் கேட்டது. அவர் நகர்ந்தார், நழுவினார், ஓடியபடி எறிந்தார்: 348 கெஜம், நான்கு டச்டவுன். அணி 41-42 என்று தோற்றாலும் அவர் மதிப்பு ஏறியது. ஒரே ஓர் ஆட்டம்! மேலே போட்ட புள்ளியியல் கணக்கின்படி பார்த்தால் அது ஒன்றுமேயில்லை. ஆனால் ஒரு திறமை இருக்கிறதா என்ற கேள்விக்கு ஒருமுறை காட்டினாலே பதில் கிடைத்துவிடும். அடிக்கடி வருமா என்ற கேள்விக்குத்தான் நூறு முறை வேண்டும். தேர்வாளர்கள் அன்று முதல் கேள்விக்கு விடை பெற்றார்கள். சில மாதம் கழித்து, கணினித் திரையில் கண்ணையும் முடிவெடுக்கும் வேகத்தையும் சோதிக்கும் ஒரு தேர்வில் அவர் மிகக் குறைந்த மதிப்பெண் எடுத்ததாகச் செய்தி கசிந்தது. அவரை இரண்டாம் இடத்தில் எடுத்த ஹூஸ்டன் டெக்சன்ஸ் அதைப் பொருட்படுத்தவில்லை. 2023-ல் அவர் எறிந்தது 4,108 கெஜம், 23 டச்டவுன். எறிந்ததில் எதிரணி பறித்தது ஐந்தே பந்து. அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் அவர்.

2024-ல் அதே ஸ்ட்ரவுட் 52 முறை சாய்க்கப்பட்டார். காவல் வரிசையின் குற்றமா, திட்டத்தின் குற்றமா, அவர் பந்தை அதிகம் வைத்திருந்தாரா என்று ஹூஸ்டனில் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். படம், சில்லு, விகிதம் எல்லாம் கையில் வைத்திருந்த நிர்வாகம் 2025 ஜனவரியில் தாக்குதல் திட்டத்தை வகுத்த பயிற்சியாளரை நீக்கியது. மார்ச்சில் இடது ஓரக் காவலரான லாரமி டன்சிலை வாஷிங்டனுக்குக் கொடுத்துவிட்டு, காவல் வரிசையைக் கிட்டத்தட்ட முதலிலிருந்து கட்டத் தொடங்கியது. எது காரணம் என்று பிரித்துச் சொல்ல அவர்களாலும் முடியவில்லை போலிருக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினார்கள்.